பக்கத்து வீட்டுக்கு ஒரு கைத்துண்டு

அப்பா,

சோறு குக்கரில் இருக்கிறது. கானாங்கெளுத்தி மீனைச் சுட்டு மூடி வைத்திருக்கிறேன்.

கூரையில் விழும் மழைத்தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் தொட்டிக்குக் குழி தோண்ட நாளைக் காலை ஆட்கள் வருகிறார்கள். செலவில் பெரும்பங்கை நகராட்சி தருவதால்தான் நம்மால் முடிகிறது. குழி வேலியோரம் வருவதால் பக்கத்து வீட்டு ஹோரிகுச்சி அம்மாவின் சம்மதம் வேண்டும்; இல்லையென்றால் அந்தப் பணம் வராது. வேலைக்கு முன்பு வழக்கப்படி பக்கத்து வீட்டுக்குக் கைத்துண்டு கொடுத்துச் சொல்லிவிட்டு வர நீங்கள் மறந்துவிட்டீர்கள். கூரை மாற்றியபோதும் மறந்தீர்கள். அன்றிலிருந்து அவர் நம்மிடம் பேசுவதில்லை.

நேற்று இதைச் சொன்னதற்கு, "பள்ளிக்கூடத்த விட்டதுலேர்ந்து வாசப்படி தாண்டல, நீ எனக்கு முறை சொல்லித் தர்றியா? அவ்ளோ அக்கறைன்னா நீயே போயேன்" என்றீர்கள்.

போகிறேன்.

துண்டை உறையில் போட்டு நம் பெயரை எழுதிவிட்டேன். பேச வேண்டியதைக் குளியலறையில் சொல்லிப் பார்த்தேன்: "நாளைக்குக் கொஞ்சம் சத்தமா இருக்கும், பொறுத்துக்குங்க. எங்க கூரைத் தண்ணி இனிமே உங்க பக்கம் வராது. நீங்க சம்மதிக்கணும்."

சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

ஹினாகோ

பி.கு: அவர்கள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே நாய் குரைத்தது. மீனில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: மறுபடி போகிறேன். நீங்கள் வரும்போது துண்டு மேசைமேல் இருந்தால் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். துண்டு அங்கே இல்லையென்றால், அவர்கள் வீட்டு மணியை அடித்துவிட்டேன் என்று அர்த்தம்.