அம்மா அனுப்பிய பட்டைகள்

கார்கிவ் போர்முனை

அன்புள்ள அப்பா,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? இதை அம்மா இல்லாதபோது படியுங்கள்.

குச்சியை முறுக்கி இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டைகளைச் சந்தையில் வாங்கி அம்மா அனுப்பினாளே, அவற்றை எங்கள் படைப்பிரிவில் எல்லோருக்கும் கொடுத்தேன். செவ்வாயன்று டிரோன் குண்டில் எங்கள் படைத்தோழன் லுபோமிருக்குத் தொடை கிழிந்தது. அவனிடமிருந்த பட்டையையே கட்டினேன்.

"உங்கம்மா குடுத்த பரிசு, தங்கச்சி. நோகாம முறுக்கு," என்று சிரித்தான்.

ரத்தம் நிற்பதற்குள் முறுக்கும் குச்சி முறிந்துவிட்டது. போலிச் சரக்கு. அடுத்ததும் முறிந்தது. முழங்காலால் அழுத்திக்கொண்டு கத்தினேன். நல்ல பட்டையோடு ஆள் வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

என்னை யாரும் திட்டவில்லை. ஆனால் இப்போது நான் எந்தப் பட்டையைக் கொடுத்தாலும் என் கண்முன்னேயே முறுக்கிப் பார்க்கிறார்கள்.

பட்டை இனி வேண்டாம், கம்பளிக் காலுறை போதும் என்று சொல்லுங்கள். பெரிய அளவாக இருந்தாலும் பரவாயில்லை.

நேற்று அம்மா போனில், "யாரையாவது காப்பாத்துச்சாடி?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"ஒருத்தரைக் காப்பாத்துச்சும்மா," என்றேன்.

பெயர் கேட்டாள். லுபோமிர் என்றுதான் வாயில் வந்தது. தேவாலயத்தில், உயிரோடிருப்பவர்களுக்கான இடத்தில், ஞாயிறுதோறும் அவன் பெயருக்கு மெழுகுவர்த்தி ஏற்றப்போகிறாளாம். தடுக்காதீர்கள், அப்பா.

வண்டி வந்துவிட்டது.

ஸோரியானா