போனஸில் கை வைத்தது யார்?

முதலியார்பேட்டை,
18.11.2007, ஞாயிறு மாலை

அன்புள்ள வெற்றிவேலுக்கு, அம்மா அஞ்சலாட்சி ஆசீர்வாதம் செய்து சொல்லச் சொல்ல, தங்கை ஹேமலதா எழுதுவது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று பேனாவைத் திறக்கும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "எழுதேன், எனக்கு இன்னா பயம்" என்றாள். அதனால் நடுவில் யாராவது இதை எழுதாதே என்று சொன்னால் அதுவும் சேர்ந்துதான் வரும், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நலம் என்று எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு அப்பா, "நனைஞ்சிகினே நலம்னு போடு" என்றார், போட்டுவிட்டேன். நீ புனாவில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் மணக்குளப் பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன ஞாயிறு நீயும் அப்பாவும் ஃபோனில் கத்தி, நீ "அப்ப நான் பொங்கலுக்கு வரலை" என்று சொல்லி வைத்துவிட்ட பிறகு அம்மா அந்த ஃபோன் பக்கமே போகவில்லை. கடுதாசி என்றால் ஒருத்தர் பேசி முடிக்கும்வரை இன்னொருத்தர் கத்த முடியாது என்கிறாள். அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா பக்கத்து அறையிலிருந்து இரண்டு முறை கத்திவிட்டார். முதலில் அடுப்பங்கரை விஷயத்தை எழுதச் சொல்கிறாள். நீ அக்டோபரில் ஐம்பதாயிரம் போனஸ் வருகிறது, அடுப்பங்கரைக்குக் காங்கிரீட் போட்டுவிடுங்கள் என்று சொன்னாய் அல்லவா, மறுநாளே அப்பா மேஸ்திரியைக் கூட்டிவந்து பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இறக்கிவிட்டார். இறக்கும்போதே அது மூன்றாக உடைந்தது, இனித் திரும்பப் போடவும் முடியாது. "பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி கூரையைப் பிரிக்கிற மனுசனை இந்த முதலியார்பேட்டையிலேயே நான் ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன்" என்று அம்மா சொல்கிறாள். இப்போது மேலே தார்ப்பாய்தான். தீபாவளியிலிருந்து விடாத மழை. தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போலத் தொங்குகிறது, அம்மா துடைப்பக் கட்டையால் குத்தி ஓரமாகத் தள்ளிவிடுகிறாள், நேற்று தள்ளியது நேராகக் காரக்குழம்பில் விழுந்தது. அந்தக் குழம்பை என்ன செய்தோம் என்று எழுத வேண்டாம் என்றாள். வீணாக்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பணம் முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்றைம்பதுதான் வந்தது. வரி பிடித்துவிட்டார்கள் என்று நீ சொன்னாய். அப்பாவால் அதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை, அதற்கு அவருக்குக் காரணமும் இருந்தது. உனக்குத் தெரியும், சேதராப்பட்டில் அவர் வேலை பார்க்கும் பைப் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஸ்வீட் பாக்கெட்டோடு ஒரு கவரில் போனஸ் கொடுப்பார்கள். அந்தக் கவரை அப்பா பிரிக்கவே மாட்டார், மஞ்சள் தடவி சாமி படத்தின் முன் வைத்து, துணி எடுக்கப் போகும் அன்றுதான் கிழிப்பார். "இருபத்தாறு வருசமா அந்தக் கவர்ல ஒரு ரூபா கொறைஞ்சதில்ல. போனஸ்ல கை வைக்கிற கம்பெனி எங்கடா இருக்கு? சாமிக்கு வச்ச சோத்துல கை வைக்கிற மாதிரி" என்றார். சரி, தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று போனவர் எங்கே போனார் தெரியுமா, எதிர்வீட்டுக்கு. முத்திரை குத்திய காகிதம் எது வந்தாலும் நம் தெருவில் எல்லோரும் எடுத்துக்கொண்டு போவது சொல்தா பெஞ்சமேன் வீட்டுக்குத்தானே. ஃபிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அவருக்குத் தெரியாத சர்க்கார் சமாச்சாரம் இருக்காது என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னாராம்: "கலியபெருமாள், நான் பதினேழு வருசம் சொல்தா. அப்பறம் ஃபிரான்சுல தூலோன் ஊருல நாலு வருசம் காவல் வேலை. ஒரு மாசம்கூட என் சம்பளத்துல எம்போ புடிச்சதில்ல. சம்பளம் முழுசா வரும். அடுத்த வருசம் வீட்டுக்குக் காயிதம் வரும், நாமளா போயிக் கட்டுவோம். அதான் மரியாதை. குடுக்கும்போதே கையைப் புடிச்சுப் புடுங்கறது எந்த ராஜ்ஜியத்துலப்பா இருக்கு? பையன் வயசுப் பையன். காசு எங்கியோ போயிருக்கு." எம்போ என்றால் வரி. இதைக் கேட்டுவிட்டு வந்துதான் அப்பா அன்று உன்னிடம் மீதியை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். பணம் குறைந்தது பெரிதில்லை, பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டான் என்பதுதான் அவருக்கு வருத்தம். 

"இந்தியாவுல வேலை பாக்கற புள்ளைக்கு ஃபிரான்சு சட்டத்தைக் கேட்டுட்டு வந்த மனுசனை நான் இன்னா பண்றது, நீயே சொல்லு" என்று அம்மா எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். ஆனால் அன்று அவளும் "அதான, சொல்தா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டினாள். இதைப் படித்துக் காட்டியதும் அடித்துவிடு என்றாள். உண்மையை எப்படி அடிப்பது, அப்படியே இருக்கிறது.

நீ ஈ-மெயிலில் அனுப்பிய சம்பளச் சீட்டை நான் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தேன். அதில் ஒவ்வொரு மாதமும் இரண்டாயிரத்து முந்நூறு சொச்சம் வரி பிடித்திருக்கிறது, போனஸ் வந்த மாதம் மட்டும் அதோடு பதினைந்தாயிரத்து நானூற்றைம்பது சேர்ந்திருக்கிறது. அப்பா அதைப் பார்த்து இன்னும் எகிறினார், மாதாமாதம் இரண்டாயிரம் பிடிக்கிறவன் ஒரே மாதத்தில் பதினைந்தாயிரம் எப்படிப் பிடிப்பான் என்று. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு நூலகத்தில் பட்ஜெட் மறுநாள் வந்த பழைய பேப்பரைத் தேடி எடுத்து வரிப் பட்டியலைக் காப்பி செய்துகொண்டு வந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விளங்கியது. ஏப்ரல் மாதமே உன் கம்பெனி இவனுக்கு வருடம் முழுவதும் இவ்வளவு சம்பளம் வரும், அதற்கு இவ்வளவு வரி என்று கணக்குப் போட்டு, அதைப் பன்னிரண்டாக்கி மாதாமாதம் பிடித்து சர்க்காருக்குக் கட்டிவிடுகிறது. போனஸ் அந்தக் கணக்கில் இல்லை. அது வந்ததும் வருடச் சம்பளத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முதல் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வரியே இல்லை, அடுத்ததற்குப் பத்து, அதற்கடுத்ததற்கு இருபது என்று குறைந்த வரிப் படிகளை எல்லாம் உன் சம்பளமே நிரப்பிவிட்டது. இரண்டரை லட்சத்துக்கு மேல் நூற்றுக்கு முப்பது, உன் போனஸ் முழுவதும் அந்தப் படியில் நிற்கிறது. ஐம்பதாயிரத்துக்குப் பதினைந்தாயிரம், அந்த வரியின் மேல் கல்விக்கென்று நூற்றுக்கு மூன்று, அது நானூற்றைம்பது. பைசா மாறாமல் வந்தது அண்ணா, எனக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது.

நான் இதைச் சொன்னபோது அப்பா, படியாவது உழக்காவது என்றார். அம்மாதான் துடைப்பக் கட்டையோடு நின்றபடியே கேட்டுவிட்டு, "கரென்ட் பில்லு மாதிரிதான? மொத நூறு யூனிட்டுக்கு ஒரு வெலை. போன மே மாசம் உங்க பெரிம்மா வந்து ராவும் பகலும் ஃபேன் போட்டுக்கினு கெடந்தாளே, மேல ஏறுன அந்த யூனிட்டுக்குத்தான் வெலை ஜாஸ்தி. போனஸு பெரிம்மா மாதிரி. கடைசியா வந்துச்சு, ஒசந்த வெலையில மாட்டிக்கிச்சு" என்றாள். இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது. பெரியம்மாவைப் பற்றி எழுதாதே என்றும் சொன்னாள்.

அப்பாவோ, சரி வரி உண்டென்றே வைத்துக்கொள், அடுத்த வருடம் கேட்கட்டுமே, இப்போதே பிடிப்பது அநியாயம் இல்லையா என்று சொல்லி, சாட்சிக்கு இன்று காலை பெஞ்சமேனையே கூட்டி வந்துவிட்டார். அவரோடு அவர் மனைவி சபின் அத்தையும் மாதா கோயில் பூசை முடிந்து அதே சேலையோடு வந்தார். சொல்தா தார்ப்பாய்க்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஃபிரான்சில் சம்பளம் முழுசா வரும் என்று மறுபடி ஆரம்பித்ததுதான் தாமதம், சபின் அத்தை காபி டம்ளரை ணங்கென்று வைத்தார். "முழுசா வந்துச்சு முழுசா வந்துச்சுன்னு பீத்திக்கிறியே, அந்த வருசம் முழுசா வந்த காசுல இன்னா வாங்குன? மொபிலெத் வண்டி வாங்குன. அடுத்த வருசம் காயிதம் வந்தப்ப கையில காசு இருந்துச்சா? என் ரெண்டு வளையலும் எங்க போச்சுன்னு அண்ணனுக்குச் சொல்லு." சொல்தா, "சபின், அது வேற கதை" என்றார். "வேற கதை ஒண்ணும் இல்ல, அதே எம்போ கதைதான். அவங்க புள்ளைக்காவது வளையல் போகாம வரி கட்டியாச்சு" என்றார் அத்தை. அதற்குப் பிறகு சொல்தா காபியை மெதுவாகக் குடித்து முடித்து, தார்ப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கலியபெருமாள், இங்க ஒழுவுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்பா அவர்களை வாசல்வரை விட்டுவிட்டு வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வருடத்துக்கு எவ்வளவுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை என்று கேட்டார், சொன்னேன். தன் சம்பளத்தை விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, "அதான் எங்க கவர்ல கை வைக்கலை. நம்மளது மொதப் படிக்கே எட்டல" என்றார். மறுபடி உன் சீட்டை வாங்கிப் பார்த்தார். "முப்பது படியிலயா நிக்கிறான்?" என்றார். ஆமாம் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நான் பால் வாங்கப் போனபோது அங்கே மேஸ்திரியிடம் தெருவே கேட்கும்படி, "எம் புள்ள ஒரே மாசத்துல கவர்மென்ட்டுக்குக் கட்டுன வரி எனக்கு ரெண்டரை மாச சம்பளம்யா! காசைக் காணும்னு நெனைச்சேன், சர்க்காருல்ல வாங்கியிருக்கு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைக் குறைத்து, இதை அவனுக்கு எழுதினால் பார் என்றார். எழுதிவிட்டேன்.

உன்னிடம் தப்பாகப் பேசிவிட்டேன் என்று அவர் சொல்லமாட்டார், நாமும் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறாள் அம்மா. ஆனால் ஒன்று நடந்தது. நீ அனுப்பிய பணத்துக்குக் கம்பி வாங்கிப் போட்டாயிற்று. மேஸ்திரி மீதியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன், இரண்டு நாள் வெயில் அடித்தால் சென்ட்ரிங் பலகை அடித்துவிடலாம் என்றார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "மார்கழி போவட்டும். தை பொறந்து, அவன் வந்து, மொதப் பாண்டு கலவையை அவன்தான் தூக்கிக் குடுக்கணும். அவன் காசுல போடற காங்கிரீட்டு. அவன் இல்லாம நான் போடமாட்டேன்" என்கிறார். அம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. "பொங்கல் வரைக்கும் நனையறது யாரு? அடுப்பு என்னுது, மழை என்னுது, ரோசம் மட்டும் இவருதா?" என்று கேட்டாள். அதற்கு அப்பா, நானும்தான் நனைகிறேன் என்றார். ஆகவே அண்ணா, இந்த அடுப்பங்கரைக்குக் கூரை வருவதும் வராததும் நீ டிக்கெட் எடுப்பதில் இருக்கிறது. கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்து சேர். மீதிக்கு அப்பா பி.எஃப். லோன் எழுதிக் கொடுத்திருக்கிறார், நீ கடன் கிடன் வாங்கி அனுப்பாதே.

இத்துடன் உன் எல்.ஐ.சி. ரசீதை வைத்திருக்கிறேன். ஜனவரிக்குள் கம்பெனியில் கொடுத்தால் வருடக் கணக்கை மறுபடி போட்டு, மீதி மாதங்களில் பிடிப்பதைக் குறைப்பார்கள், மேஜைக்குள் போட்டுவிட்டு மறந்துவிடாதே. இது நான் சொல்வது. அம்மா சொல்வது: இனிமேல் ஃபோனில் கம்பெனி கொடுக்கும் தொகையைச் சொல்லாதே, கைக்கு வந்து சேருவதை மட்டும் சொல், நாங்கள் அதற்குத் தகுந்த கூரையைப் பிரிக்கிறோம். எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நூறு வயசு நோய் நொடியில்லாமல், இன்னும் மேலே மேலே படி ஏறி, அங்கேயும் யாருக்கும் தலை குனியாமல் வரி கட்டிக்கொண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு, மகன் வரும் வழியையும் மழை நிற்கும் வழியையும் பார்த்திருக்கும்
அம்மா அஞ்சலாட்சி

அம்மா கையெழுத்துப் போட்டதும் அப்பா வந்து பேனாவை வாங்கி, கம்பெனியில் கவர் வாங்கும்போது போடுவது போல முழுப் பெயரையும் எழுதிவிட்டுப் போனார்: மு. கலியபெருமாள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. இன்னும் இரண்டு வரி எழுத இருந்தேன், "போதும்டி, மேல ஏறுன யூனிட்டு இது" என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.