நகம் வளரும் வேகம்

மார்ச் 3
மார்பக அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதமாகியும் என் மனைவியின் இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. சமையலறை மேல்தட்டிலிருந்த டப்பாக்களை எல்லாம் நான் கீழே இறக்கி வைத்துவிட்டேன். இவள்போல் அறுவை செய்துகொண்டவர்களுக்கென்றே ஒரு நடன வகுப்பு இருக்கிறது என்றார் டாக்டர்.

“இந்த வயசுல நான் ஆடுறதா? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?” என்றாள். ஆனாலும் கிளம்பினாள்.

நான் கதவோரப் பெஞ்சில் இருந்தேன். “நாம எல்லாரும் பாறை. மேல மணல் படியுது. அவசரமே இல்ல,” என்றாள் வகுப்பு நடத்தும் நடனக்காரி. ஏழு பெண்கள் தரையில் அடுக்கடுக்காகச் சாய்ந்தார்கள். முப்பத்தோரு வருஷம் புவியியல் நடத்தியவன் நான். வாய் சும்மா இருக்குமா?

மார்ச் 10
இருக்கவில்லை. இன்று மலை எழும் கட்டம். எல்லோரும் ஒரே மூச்சில் எழுந்துவிட்டார்கள். பெஞ்சிலிருந்தே சொன்னேன்: “கண்டம் நகர்றது நகம் வளர்ற வேகத்துலதான். நீங்க பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி எழுந்திரிக்கிறீங்க.”

“சார் சொல்றது சரி. நகம் வளர்ற வேகம். மறுபடியும்!” என்றாள் நடனக்காரி.

வீட்டு வாசலில் இவள் சொன்னாள்: “பெஞ்சுக்கு வாய் முளைச்சிருக்கு.”

மார்ச் 14
சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடு போடத் தொடங்கியிருக்கிறேன். காலைதோறும் இவள் விரல்நுனி எட்டும் இடம், பக்கத்தில் தேதி. வளர்ச்சி கண்ணில் பட்டால்தானே பிள்ளைகளுக்கு ஊக்கம் வரும்? நேற்றைவிட இன்று அரை சென்டிமீட்டர்.

மார்ச் 19
கோடு இறங்கிவிட்டது. “நேத்து இதைவிட மேலதானே?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஏங்க, நான் என்ன உங்க ஏழாம் வகுப்புப் பிள்ளையா, மார்க் போடுறீங்க? என் கை எப்படி வலிக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்!”

அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். இனி வகுப்புக்கும் வரமாட்டாளாம்.

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

மார்ச் 20
காபி ஒரு டம்ளர்தான் போட்டாள், தனக்கு.

மார்ச் 24
நான் மட்டும் போய், நடந்ததை நடனக்காரியிடம் சொன்னேன்.

“அப்போ நீங்களே வந்து படுங்க சார்.”

குப்புறப் படுத்தேன். முதுகில் போர்வைகளை மடித்து மடித்து அடுக்கினாள். “நீங்க அடிப்பாறை. ஒண்ணும் செய்யாதீங்க. வர்ற கனத்தைத் தாங்குங்க, போதும்.”

இரண்டு நிமிஷத்தில் மூன்று தடவை தலையைத் தூக்கினேனாம். “பாறை எட்டிப் பாக்காது சார்!” அறையே சிரித்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா?

வீட்டில் இதைச் சொன்னேன். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது — சிரிப்புதான்.

மார்ச் 31
இருவரும் போனோம். நான் அடியில். என் முதுகில் சாய்ந்துகொண்டு இவள் கையை நீட்டினாள். எவ்வளவு எழுந்ததென்று தெரியாது, என் முகம் தரையில் இருந்தது. மூச்சு மட்டும் கேட்டது. ஒரு கட்டத்தில் இவளுடைய வலக்கை விரல்கள் என் சட்டையை இறுகப் பற்றின. ‘போதும், நிறுத்திடு’ என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பிடி தளர்ந்தது. இவள் கனம் முழுவதும் என்மேல் இறங்கியது.

அறுவைக்குப் பிறகு இவள் இப்படி என்மேல் சாய்ந்ததே இல்லை.

ஏப்ரல் 2
கதவு நிலையை ஈரத்துணியால் துடைத்தேன். இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 12
வகுப்பு. படுத்தேன். எட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் 18
டீ போடப் போனால் தேயிலை டப்பாவைக் காணோம். கீழ்த்தட்டு முழுக்கத் துழாவினேன்.

“டீத்தூள் எங்க வச்ச?”

“எப்பவும் இருக்கிற இடத்துலதான்,” என்று கூடத்திலிருந்து குரல்.

நிமிர்ந்தேன். மேல்தட்டில், பழைய மூலையில், இருந்தது.

எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. டீ போட்டுவிட்டு டப்பாவைத் திரும்ப அங்கேயே வைத்தேன்.