நஃபீசாவை விட்டுப் போன கோச்

ஜாலான் புசார்
சிங்கப்பூர், 4 ஜூன் 2024

அன்புள்ள நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் போன் என் பையிலேயே கிடக்கிறது. உன் தங்கை முனீராவுக்குப் போட்டால், "ராத்தா பேசமாட்டாங்களாம் மச்சான்" என்கிறாள். வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

ஜொகூர் குடிநுழைவில் உன் கைரேகை மெஷினில் விழவில்லை என்று உன்னை வேறு வரிசைக்கு அனுப்பினார்கள். நான் முன்னால் போய்க் கோச்சில் ஏறியவன் கண்ணசந்துவிட்டேன். பாகோ ஓய்விடத்தில் நிறுத்தியபோது இரண்டு தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், உன்னைக் காணோம்! யா அல்லாஹ், உயிரே போய்விட்டது. அந்த டிரைவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மலிவு டூர் என்றால் இப்படியா?

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உன்னை மலேசியா சுற்றிக் காட்டக் கூட்டிப்போனேன். கோபம் தணிந்து வீட்டுக்கு வா.

உன் கபீர்


சுவா சூ காங்
10 ஜூன் 2024

மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கோச் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. எங்காவது ஓரமாக நிறுத்தியிருப்பார்கள், என் மச்சான் விடமாட்டார் என்று வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். பிறகுதான் பஸ் பிடித்து முனீரா வீட்டுக்கு வந்தேன்.

அதுகூடப் பெரிதில்லை. நம் முன் சீட்டிலிருந்த தங்கராஜு முனீராவின் புளோக்கில்தான் இருக்கிறாராம். நேற்று லிஃப்டில் பார்த்தேன். "நல்லபடியா வந்து சேந்தீங்களாக்கா? ஒண்ணுதான் புரியல லா. டிரைவர் கேட்டாரே, 'கூட யாரும் வரணுமா'ன்னு. 'நான் தனியாத்தான் வந்தேன்'னு அண்ணன் சொன்னாரே!" என்றார்.

எந்த மாடியில் இறங்கினேன் என்றே தெரியவில்லை. நான் செத்தா போய்விட்டேன், மச்சான்?

நஃபீசா


ஜாலான் புசார்
12 ஜூன் 2024

நஃபீசா,

கடையில் நின்றபடி படித்தேன். வல்லாஹி, அப்படிச் சொன்ன நினைவே இல்லை. கடைக்குத் துணி எடுக்க இதே கோச்சில் எத்தனை வருஷமாகப் போய்வருகிறேன்! ஒவ்வொரு தடவையும் டிரைவர் கேட்பார், நானும் அதையேதான் சொல்வேன். தூக்கத்தில் வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. பொய்யில்லை, என்னை நம்பு.

கபீர்


குவாந்தான்
20 ஜூன் 2024

மச்சானுக்கு,

நம்புகிறேன். பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். தூக்கக் கலக்கத்தில்கூட உங்கள் நினைவில் நான் இல்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜொகூரில் டிக்கெட் எடுத்துத் தனியாக மலேசியா சுற்றிப் பார்க்க இங்கே வந்திருக்கிறேன். கோச்சில் குளிர்தான் அதிகம். நாளை திரங்கானு, அதற்கப்புறம் கோத்தா பாரு. எனக்கே அதிர்ச்சியாக இருக்கிறது, பயமே வரவில்லை.

உங்கள் சுகர் மாத்திரை சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. என்னிடமிருந்த வீட்டுச் சாவியை முனீராவிடம் கொடுத்துவிட்டேன். போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

நஃபீசா