சாட்சிப் பட்டியலில் உன் பெயர்

மிசிசிப்பி,
3 மார்ச் 2014

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

நலமா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எழுதினாலாவது படிப்பாய் என்று எழுதுகிறேன்.

என் வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. தலை பின்னிக்கொள்ள வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். காரின் பின்விளக்கு எரியவில்லை என்று பிடித்துப்போய், உங்கள் சிறையில் வைத்துக் கையை முறுக்கினார்களே, அதற்கு வழக்குப் போட்டுவிட்டேன். ஐந்து வக்கீல்கள் கைவிரித்தார்கள், நானே வாதாடுகிறேன். வசதியில்லாதவள் என்று நீதிபதி மனுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

அன்றைய வீடியோவைக் கொடுங்கள் என்று எதிர்த்தரப்பிடம் முறைப்படி எழுதிக் கேட்டேன். 'அப்படி எதுவும் இல்லை' என்று ஒரே வரியில் பதில். அன்று உனக்கு விடுப்பு என்று சொன்னாய், சரி. ஆனால் அங்கே கேமரா பதிவுகளுக்கெல்லாம் பொறுப்பு நீதானே. நீயே சொல், வீடியோ இல்லையா?

உன் அக்கா,
எர்லீன்

15 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இதையெல்லாம் நீ என்னிடம் கேட்கக்கூடாது.

தள்ளுபடி ஆனது மனுக் கட்டணம் மட்டும்தான். தோற்றால் எதிர்த்தரப்பின் கோர்ட் செலவும் உன் தலையில் விழும். உன்னை விசாரித்து எழுதியெடுத்த வாக்குமூலத்துக்கே ஆயிரத்து எண்ணூறு டாலர் ஆனதாம். இப்போதே வாபஸ் வாங்கினால் செலவு கேட்கமாட்டார்கள். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. என்னையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

வெண்டல்

2 மே

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னதையே அவர்களுடைய வக்கீலும் வந்து சொன்னார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தையும் கொண்டுவந்திருந்தார். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், தோத்தா தாங்கமாட்டீங்க" என்றார்.

"தோத்தா மாசம் பத்து டாலரா கட்டிட்டுப் போறேன். நான் சாகுற வரைக்கும் மாசாமாசம் உங்க ஆபீஸுக்கு என் பேர் வந்துக்கிட்டே இருக்கும்" என்றேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீடியோவைக் கொடுக்க உத்தரவிடும்படி நீதிபதியிடம் மனுப் போட்டிருக்கிறேன். இருபதாம் தேதி விசாரணை. சாட்சியாக உன் பெயரை எழுதியிருக்கிறேன். சம்மன் கொண்டுவருகிறவன் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். உன்னை நினைக்காமல் இல்லை. நினைத்துத்தான் எழுதினேன். பைபிள்மேல் கைவைத்துப் பொய் சொல்கிறவன் இல்லை நீ.

எர்லீன்

21 மே

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று கூண்டில் நான் சொன்னதைக் கேட்டாய். பதிவு இருக்கிறது, அழித்துவிடுவார்களோ என்று நானே ஒரு பிரதி எடுத்துப் பூட்டிவைத்தேன் என்றேன். வக்கீல் மூன்று தடவை "நிச்சயமா?" என்று கேட்டார். மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன். இன்று காலை சாவியை வாங்கிக்கொண்டு என்னைச் சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

நீதிபதியின் உத்தரவுப்படி பதினான்கு நாளில் வீடியோ உன் கைக்கு வரும். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். கூண்டில் இதை யாரும் கேட்கவில்லை. அன்று எனக்கு விடுப்பு என்று உன்னிடம் சொன்னது பொய்.

அந்த வீடியோவில் நீ மூன்று தடவை "வெண்டல்" என்று கூப்பிடுவாய். பக்கத்து அறையில்தான் இருந்தேன். திரையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தேன்.

அதை நீதிபதிக்கும் போட்டுக் காட்டு. எனக்காக ஒரு நொடியையும் வெட்டாதே.

பார்த்த பிறகும் நீ வீட்டுக்கு வரச்சொன்னால் வருகிறேன்.

வெண்டல்