பச்சைக் காரின் பின் இருக்கை

2008 மே 4, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கோழிக்கறி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனுசன் எமில் சொன்னார்:

“காரை விப்பம், யோசப்பின்.”

ஆறு வருட உழைப்பு! இங்கே ஜெர்மனியில் கேவலார் மாதா யாத்திரைக்குப் போன வழியில், ஒரு பண்ணைக் கொட்டிலில் வைக்கோலும் கோழி எச்சமுமாகக் கிடந்ததை இழுத்து வந்தார். 1950ஆம் ஆண்டு அமெரிக்க ஷெவர்லே, இரண்டு கதவுக்காரன். வேலை இல்லாத நாளெல்லாம் இவர் கராஜுக்குள் அதன் அடியில்தான் கிடந்தார். போன மாதம்தான் வாகனப் பரிசோதனையில் பாஸாகி நம்பரும் கிடைத்தது. கரும்பச்சை நிறத்தில் மழையில் நனைந்த இலை மாதிரி நிற்கிறது. இந்த வருடம் அதிலேயே மாதாவிடம் போவோம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

“ஏன்?”

“விப்பம் எண்டால் விப்பம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

மே 11

விளம்பரத்துக்குப் படம் வேண்டுமாம். நான்தான் எடுத்தேன். எமில் கராஜ் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, வெளியே நின்று சிகரெட் பிடித்தார். பின் இருக்கை இவர் புது ஸ்பிரிங் போட்டு, புதுத் துணி தைத்தது. இன்னும் ஒருவரும் அதில் இருந்ததில்லை. வலப்பக்கம் ஜன்னலோரம் ஒரு சின்னப் பள்ளம். கையால் தட்டிவிட்டேன், நிமிர்ந்தது. கமராவைச் சரிசெய்துகொண்டு பார்த்தால் — திரும்பவும் பள்ளம்.

ஸ்பிரிங் சரியில்லைப் போல.

மே 13

ஏன் விற்கவேண்டும் என்று எமிலிடம் கேட்டே விட்டேன். கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பின்னுக்கு ஒரு பிள்ளை இருக்கு.”

“என்ன பிள்ளை?”

“பொம்பிளைப் பிள்ளை. கார் ஓடேக்குள்ள கண்ணாடியில தெரியுது. என்னைப் பாக்கிறேல்ல. ஜன்னலாலை வெளியில பாத்துக்கொண்டிருக்கு. திரும்பினால் ஒண்டும் இல்லை.” பிறகு என் கையைப் பிடித்தார். “டொக்டரிட்டச் சொல்லாதையும். திரும்பக் கொண்டுபோய் வைச்சிருப்பாங்கள்.”

ஜெர்மனிக்கு வந்த புதிதில், அகதி முகாமில், நித்திரையில்லாமல் சுவரோடு கதைத்தார். மனநல ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நான் பார்த்த எமிலின் முகம் எனக்கு மறக்கவில்லை. இப்போதும் அதே முகம்.

சொல்லமாட்டேன் என்றேன்.

மே 14

வேலையிடத்திலிருந்து டொக்டருக்குப் போன் செய்து, எமிலைக் காட்ட ஒரு நாள் குறித்து டெர்மின் எடுத்தேன். எமிலுக்குத் தெரியாது.

மே 24, சனி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கார் பார்க்கக் கொலோனிலிருந்து லூடர்ஸ் என்று ஒரு மனிதர் வந்தார். தபால்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல சிரிப்பு. எமில் வரமாட்டேன் என்று நின்றுகொண்டார், அதனால் நான் பக்கத்தில் ஏறினேன். றைன் ஆற்றோரம் ஓடினோம். இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. அவருக்கு வாயெல்லாம் பல். நான் பின்னால் திரும்பவில்லை. திரும்ப என்ன இருக்கிறது?

கராஜுக்கு வந்து நிறுத்தினார். இறங்கினார். இறங்கி, தன் இருக்கையின் முதுகை முன்னால் மடித்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தக் காரில் பின்னால் இருப்பவர்களுக்குத் தனிக் கதவு இல்லை, முன்னால் இருப்பவர் இறங்கி இருக்கையை மடித்தால்தான் அவர்கள் வெளியே வரலாம். அப்படித்தான் அவர் நின்றார், யாரோ இறங்கட்டும் என்று. கையைக்கூட நீட்டினார். சின்னவர்களுக்கு நீட்டுகிற உயரத்தில்.

“யாருக்காக நிற்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். முகம் வெளுத்தது. “சிறுமி ஒருத்தி கூட வந்தாள் அல்லவா?”

பிறகு வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். வரமாட்டார்.

எமில் வாசலில் நின்று எல்லாம் பார்த்தார். அப்படியே நிலத்தில் குந்தி அழுதார். நானும் அழுதேன். இவருக்கு விசர் இல்லை. ஆண்டவரே, இவருக்கு ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் அதற்குள்ளே —

மே 26

டெர்மினை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 14

எசன் நகரிலிருந்து ஒரு சோடி கார் பார்க்க வந்தது. மனிதர் குனிந்து டயர் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவள், “மன்னிக்கவும்” என்று மரியாதையாகச் சொல்லி, மெல்லச் சாத்தினாள். என் காதோடு சொன்னாள்: “உங்கள் மகள் முதலில் இறங்கட்டும், அவசரமில்லை.”

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை அவளுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? புருஷனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர்கள் போனபின் நான் முன் இருக்கையில் ஏறி இருந்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. “ஆர் பிள்ளை நீ?” என்றேன். பின் ஜன்னலில், உட்புறம், ஒரு சின்ன வட்டமாக ஆவி படிந்தது. மறைந்தது. பிறகும் படிந்தது. வெளியே வெயில் எரிக்கிறது.

பயம்தான். ஆனால் அந்த மூச்சு அவ்வளவு ஒழுங்கு. யாரோ சொன்னதைக் கேட்டு அசையாமல் இருக்கிற பிள்ளையின் மூச்சு.

ஆகஸ்ட் 9, கேவலார்

மரியரட்ணம் அண்ணையின் வான் வண்டியில் போனோம். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, “அந்தப் பண்ணைக்குப் போவம்” என்றேன். எமில் மறுக்கவில்லை.

காரை விற்ற கிழவர் இறந்துவிட்டார். அவருடைய மருமகள் கோப்பி தந்தாள். சொல்லத் தயங்கினாள். பிள்ளையைப் பற்றி நான் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

கிழவர் அந்தக் காரை அந்தக் காலத்தில் ஒரு பெல்ஜியப் பட்டாளக்காரரிடம் வாங்கினாராம். ஓட்டியது அவருடைய மனைவிதான். 1959இல் ஒரு நாள் அந்த அம்மா மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய்வந்து, கொட்டிலில் காரை விட்டு இறங்கி, “அம்மா வரும்வரை இரு” என்று சொல்லிவிட்டு, பின்பக்கத்தால் நடந்து போய்விட்டாள். வேறு ஒருவனோடு. திரும்பவே இல்லை. பிள்ளையும் தாயோடு போய்விட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் வைக்கோல் எடுக்கப் போனவர்தான் கண்டாராம். முன் இருக்கையால் ஏறி வந்திருக்கலாம். வரவில்லை. இரு என்றதால் இருந்தது.

“செத்துப் போச்சோ?” எமில் தமிழிலேயே கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

மருமகள் இல்லையென்று தலையை ஆட்டினாள். “அந்தப் பிள்ளை, ஹனலோர, ஹம்பேர்க்கில் இருக்கிறாள். நலமாக.”

எமில் என்னைப் பார்த்தார். “உயிரோட இருக்கிற ஆள் எப்பிடி, யோசப்பின்?”

எனக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 30, சனி

ஹனலோர வந்தார். மருமகளிடம் நம்பர் வாங்கி, போனில் நான் உளறியதற்கு, “நான் வருகிறேன்” என்று மட்டும் சொன்னவர். ஐம்பத்தைந்து வயது, குட்டை முடி, மழைக்கோட். நான் நினைத்தபடி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. காரைச் சுற்றி நடந்தார். “அப்போது சாம்பல் நிறம்” என்றார்.

பிறகு, தான் எந்த வாகனத்திலும் பின்னால் ஏறுவதில்லை என்றார். சொல்லிக்கொண்டே முன் இருக்கையை மடித்து, பின்னால் ஏறினார். நடுவில் இருக்கவில்லை. வலப்பக்கம் இடம் விட்டு இடப்பக்கம் இருந்தார்.

“நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் இருங்கள். பிறகு இறங்கி, திறந்துவிடுங்கள்.”

ஏறி இருந்தேன். கதவைச் சாத்தினேன். இந்தத் தடவை கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு பேர் இருந்தார்கள். பெரியவர் அழுதுகொண்டிருந்தார். சின்னவள் ஜன்னலை விட்டுத் திரும்பி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மூக்கு.

எப்படி இறங்கினேன் தெரியாது. இருக்கையை மடித்தேன். “வா பிள்ளை. இறங்கு. அம்மா வரமாட்டா” — தமிழில்தான் வந்தது. ஹனலோர இறங்கினார். இறங்கியும் நான் இருக்கையை விடவில்லை, விடவேண்டாம் என்று பட்டது. என் புறங்கையில் குளிராக, துணி உரசினது போல ஏதோ கடந்து போனது.

அவர் நன்றி சொன்னார். தெருவில் இறங்கி நடந்தார். வலது கையை உடம்போடு வைக்காமல், சற்றுத் தள்ளிப் பிடித்தபடி. அடிக்கு அடி மெல்ல. கூட வருகிறவளுக்கு நடை பிடிக்கட்டும் என்பது போல.

எமில் கராஜுக்குள் வந்து பின் இருக்கையைத் தடவினார். “பள்ளம் இல்லை” என்றார்.

செப்டம்பர் 13

ஒல்லாந்துக்காரர் ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார். இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினார், இருக்கையைத் தொடவே இல்லை. வாங்கிக்கொண்டு போனார்.

எமில் தெருமுனை வரை பின்னால் நடந்து போனார். “இனி வைச்சிருந்திருக்கலாம் என்ன?” என்றார். ஓம். ஆனாலும் போகட்டும். இரவில் குறட்டை விட்டு நித்திரை கொள்கிறார்.

நவம்பர் 9, ஞாயிறு

ஹம்பேர்க்கிலிருந்து ஹனலோரவின் போன். எமிலை விசாரித்தார், மழையைப் பற்றிச் சொன்னார். இப்போதெல்லாம் சமைத்துச் சாப்பிடுகிறாராம், பால் கூட வாங்குகிறாராம்.

“காலையில் வேலைக்குப் போகும் எஸ்-பான் ரயிலில் சரியான நெரிசல்” என்றார். “எல்லாரும் நின்றுகொண்டு வருகிறார்கள். என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காருவதில்லை.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் அவ்வளவு சந்தோசம். ஜன்னலோர இருக்கையா என்று கேட்டேன். ஆமாம், அவளுக்கு வெளியே பார்க்கப் பிடிக்கும் என்றார்.