பரிமளத்தின் பச்சைக் கவுன்

மார்ச் 4

முழங்கால் வலி. கோப்பி. மெலனியின் போன். மெலனி அருங்காட்சியகத்தில் உடைப் பகுதியைப் பார்ப்பவள். பணக்காரர் கடைத்தெருவான யோர்க்வில்லில் நான் இருபது வருடம் நடத்திய உடை நிலையத்துக்கு இந்தக் கோடையில் ஓர் அறை ஒதுக்கலாமாம். படங்கள் மட்டும் போதாது. நான் வெட்டிய வெட்டு மாறாத ஓர் உடையாவது வேண்டும். இல்லாவிட்டால் அறை தொப்பி செய்கிற ஒருவருக்குப் போகும்.

தொப்பி!

மார்ச் 5

என் உடைகளை வாங்கிய சீமாட்டிகள் மெலிந்தார்கள், பெருத்தார்கள், செத்துப்போனார்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டித் தானம் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒன்று: எண்பத்தெட்டில், தம்பியின் கலியாண ரிசெப்சனுக்கு மணப்பெண்ணான மச்சாள் பரிமளத்துக்குத் தைத்த பச்சைப் பட்டுக் கவுன். துணியைச் சாய்த்து வெட்டினால் அது உடம்போடு தானாகவே இறங்கும். பத்திரிகைகள் என்னைப் புகழ்ந்தது அந்த வெட்டுக்காகத்தான்.

மோர்னிங்சைட்டில் பரிமளத்தின் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"கவுனோ? அது இஞ்ச இல்லை மச்சாள். பிறம்ரனில ஒரு பிள்ளை கொண்டுபோயிட்டுது, தன்ர ரிசெப்சனுக்குப் போடுறதுக்கு. எல்லாரும் போடுறதுதானே."

எல்லாருமா?

மார்ச் 9

எல்லாரும்தான். முப்பது வருடத்துக்கு மேலாக என் கவுன் ஊர் முழுக்க இரவல் போயிருக்கிறது, பெரிய சோற்றுப் பானை மாதிரி. நெட்டைப் பிள்ளை, கட்டைப் பிள்ளை, ஒரு பிள்ளைத்தாய்ச்சி. கழுத்து இறக்கம் என்று ஒரு மாமியார் சொல்ல லேஸ் வைத்தார்களாம். இன்னொருத்திக்குப் பலூன் மாதிரி ஊதின கை.

"நல்ல வடிவாத்தான் இருந்தது" என்று பரிமளம் ஆறுதல் சொன்னாள்.

யாராவது கத்தரி வைத்திருந்தால் முடிந்தது. ஒரு விரற்கடை போனாலும் அந்தத் துணி விழாது, தொங்கும். இருபது வருட உழைப்பு ஒரு பலூன் கையில் முடியுமா?

மார்ச் 10

தொப்பிகளைப் பற்றி நல்லபடியாக நினைக்க முயன்றேன். முடியவில்லை.

மார்ச் 16

மெலனியோடு பரிமளம் வீட்டுக்குப் போனேன். ரோல்ஸ், தேத்தண்ணி. மெலனி வெள்ளைக் கையுறை போட்டாள். "பிள்ளைக்குக் கையில சொறியோ?" என்று பரிமளம் என் காதுக்குள் கேட்டாள்.

பிறம்ரனிலிருந்து திரும்பியிருந்த கவுன் வந்தது. கடவுளே. கழுத்தில் லேஸ், பலூன் கை, இடுப்பைச் சுற்றிச் சரிகை. கவுனா, மணவறையா? கதிரையில் இருந்துவிட்டேன்.

மெலனி உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். தையல்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். பிறகு, "வெட்டவே இல்லை" என்றாள். எல்லாம் பெரிய பெரிய நூலோட்டம். இழுத்தால் கழன்றுவிடும்.

"ஒருத்தரும் வெட்டேல்லையோ?"

"என்ன கதை மச்சாள்! இரவல் சாமானை ஆரும் வெட்டுவினமோ? திருப்பிக் குடுக்கிறதல்லோ?" பரிமளத்துக்குக் கோபமே வந்துவிட்டது. முன்னையவர்கள் தாங்கள் வைத்ததைப் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். கடைசி இரண்டு பேருக்கு நேரமில்லை போல.

கண் கலங்கியதற்கு ரோல்ஸ் உறைப்பு என்று சொல்லிவைத்தேன்.

ஏப்ரல் 2

மெலனிக்குக் கவுன் நன்கொடையாக வேண்டுமாம்.

"அது ஏலாது. ஆவணியில இன்னொரு பிள்ளை, தக்ஷிகாவின்ர ரிசெப்சனுக்குத் தாறனெண்டு சொல்லிப்போட்டன். அதுவரைக்கும் இரவலாக் கொண்டுபோகட்டும்" என்றாள் பரிமளம்.

அருங்காட்சியகம் வழக்கறிஞர்களைக் கேட்டுவிட்டுப் பணிந்தது.

யூன் 14

அறை திறந்தாயிற்று. தலையில்லாத பொம்மையில் கவுன், நான் வெட்டியபடியே. சுவரில் என் பெயர், பிழையில்லாமல். கீழே சின்ன அட்டை: "இரவல் தந்தவர்: பரிமளம், மோர்னிங்சைட்." அவள் அந்த அட்டையோடுதான் படம் எடுத்தாள், கவுனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தொப்பிக்காரரும் வந்திருந்தார். நல்ல மனுஷன்.

ஓகஸ்ட் 24

இன்று தக்ஷிகாவின் ரிசெப்சன். பொம்மையில் நின்ற கவுன் இங்கே நடந்தது, ஆடியது, ஒருமுறை குழம்புக்கு மிகக் கிட்டப் போய் வந்தது. துணி விழுந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காலையில்தான் தக்ஷிகா லேஸோடு வந்தாள். கழுத்து இறக்கம் என்று மாமியார் சொன்னாவாம். வாங்கி நானே வைத்துக் கொடுத்தேன். பெரிய நூலோட்டமாகத்தான்.

திருப்பிக் குடுக்கிறதல்லோ.